உருவும் வினையும்

துரோணரிடம் கேளாமலே துரோணரைச் செய்துகொண்டவன் ஏகலைவன். வில்வித்தை கற்பிக்க மறுத்த ஆசாரியரின் உருவத்தைக் காட்டிலே மண்ணால் அமைத்து, அதன்முன் நின்று பயின்று, அர்ஜுனனே பொறாமைப்படும் கைத்திறம் பெற்ற அந்த வேடச் சிறுவனுடைய சரித்திரத்தை, குலத்தின் பேரால் நடந்த ஓர் அநீதியின் கதையாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். அப்படிப் படிப்பது நியாயமே. ஆனால் அதற்குள் இன்னொரு வியவகாரமும் ஒளிந்து கிடக்கிறது. தட்சிணை கேட்ட அந்தக் கணத்தில் துரோணர், அதுவரையில் தாம் அறியாதிருந்த ஒரு சொத்துக்கு உரிமை கொண்டாடுகிறார். காட்டில் நிற்கும் மண்பொம்மையால் விளைந்த பலன் தம்மைச் சேர்ந்தது என்கிறார். ஏகலைவனும் மறுத்து ஒரு வார்த்தை பேசாமல் அந்த உரிமையை ஒப்புக்கொண்டு, வலக்கைக் கட்டைவிரலை விலையாக வைக்கிறான்.

மண்ணுக்குப் பதில் இன்று கணினி வந்திருக்கிறது. வீடியோ கேம் என்று பிள்ளைகள் சொல்லும் திரை விளையாட்டுகளில், புகழ்பெற்ற பாடகரும் பந்தாட்டக்காரரும், சர்வாதிகாரியும் நடிகையும், கதைகளில் பிறந்த வீரர்களும், நாம் கோயிலிலே கைகூப்பி நிற்கும் தெய்வங்களுங்கூட, ஆடுகிறவனுடைய விரலசைவுக்கு ஏற்ப ஓடவும் குதிக்கவும் சண்டையிடவும் காண்கிறோம். இவற்றைத் தயாரிக்கும் கம்பெனிகளின் மேல் வழக்குகளும் வந்தவண்ணம் இருக்கின்றன. வக்கீல்கள் இதை உரிமை, நஷ்டஈடு என்னும் கணக்காகப் பார்ப்பார்கள். அது அவர்கள் தொழில். ஆனால் தீர்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படிக்கிறவனுக்கு, நீதிபதிகள் தம்மை அறியாமலே நம்முடைய பழைய தத்துவ விசாரம் ஒன்றுக்குள் இறங்கிவிட்டார்கள் என்று தோன்றாமற் போகாது. ஒரு மனிதனை ‘இவன்’ என்று சுட்டச் செய்வது எது? பெயரா, முகமா, உடம்பா, அவன் செய்கிற காரியமா?

பெயரை எடுத்துவிட்டால் மனிதன் போய்விடுவான் என்று நம்பிய ஒரு கம்பெனியின் கதை முதலில் நினைவுக்கு வருகிறது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்னும் அந்த ஸ்தாபனம் அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்தை வைத்து ஆண்டுதோறும் ஒரு விளையாட்டை வெளியிட்டு வந்தது. மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயராலும் உருவாலும் பணம் சம்பாதிக்கக் கூடாது என்பது அக்காலத்துக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதி. ஆகவே பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு, சட்டை எண், உயரம், எடை, தோலின் நிறம், பிறந்த மாநிலம் ஆகிய மற்ற எல்லாவற்றையும் உள்ளபடியே வைத்துக்கொண்டார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய சாம் கெல்லர் என்பவர், பெயரில்லாமல் திரையிலே ஓடிக்கொண்டிருப்பவன் நானே என்று வழக்காடினார். 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே பேசியது. நாமம் இல்லாவிட்டாலும் ரூபம் சாட்சி சொல்லிவிட்டது. கம்பெனியும் அதன் உரிம முகவரும் சேர்ந்து 4 கோடி டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போக நேர்ந்தது.

நடிகை லிண்ட்ஸே லோஹன் தொடுத்த வழக்கு இதற்கு எதிர்ப்பக்கம் போயிற்று. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ என்னும் விளையாட்டில், புகைப்படக்காரர்களுக்கு அஞ்சி ஓடி ஒளிகிற ஒரு நட்சத்திரப் பெண் வருகிறாள். அவள் தன்னைப் பார்த்துச் செய்யப்பட்டவள் என்றார் லோஹன். கணினியில் வரையப்பட்ட உருவமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒருவருடைய படமாகலாம் என்று 2018-ல் ஒப்புக்கொண்ட நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், ஆனால் இந்தப் பெண் கடற்கரைக்குப் போகும் நாகரிக யுவதிகள் எவருக்கும் பொருந்தக்கூடிய பொதுச்சாயல் உடையவள், லோஹன் அல்லள் என்று முடித்துவிட்டது. தன்னுடையது என்று ஒருத்தி எண்ணியிருந்த முகம், ஒரு வகுப்பாருக்கே பொதுவான முகமாகப் போய்விட்டது என்று நீதிமன்றம் ஏற்றுச் சொல்வது அவ்வளவு இனிய செய்தியல்ல.

உடம்பாவது நம்முடையதா என்றால் அதிலும் தகராறு உண்டு. ராண்டி ஆர்ட்டன் என்ற மல்லர் தம்மைப் போன்ற உருவத்தை விளையாட்டில் சேர்க்கச் சம்மதம் கொடுத்தார். ஆனால் அவர் தோளிலும் முதுகிலும் பச்சை குத்தியிருந்த பெண்மணி, தோல் அவருடையதானாலும் அதன்மேல் இருக்கிற சித்திரம் என்னுடையது என்று கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தார். 2022-ல் ஜூரிகள் அவர் பக்கம் நின்று, 3,750 டாலர் என்று ஒரு தொகையையும் குறித்தார்கள். தேகம் நான் அல்ல என்று உபதேசித்த நம்முடைய வேதாந்திகள், தேகம் முழுவதும் என்னுடையதுகூட அல்ல என்று ஓர் அமெரிக்க ஜூரி கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்த விசாரத்தில் பின்தங்கியவை அல்ல. ‘மே ஹூன் ரஜினிகாந்த்’ என்ற ஹிந்திப் படத்தை எதிர்த்து நடிகர் ரஜினிகாந்த் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது, பெயரும் படமும் மட்டுமல்லாமல் தம் வசனநடையின் பாணியையும் தமக்குரிய உடைமைகளின் ஜாபிதாவில் சேர்த்தார். இன்னார் என்று ஜனங்கள் அடையாளங் கண்டுகொண்டாலே போதும், ஏமாந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று 2015-ல் நீதிமன்றம் சொல்லிற்று. ஒரு மனிதனுடைய பாவனையே அவனுக்குச் சொத்து என்னும் கருத்து, தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் விளக்காமலே விளங்கும்.

ஆனால் இத்தனை தீர்ப்புகளையும் படித்து முடித்தபின் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம், ‘உருவம் யாருடையது?’ என்று நீதிமன்றங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தவறான கேள்வியல்லவாயினும் இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி என்பதே. ஓவியமும் சிலையும் ஒருவனுடைய ரூபத்தைக் காட்டி நின்றுவிடுகின்றன. விளையாட்டு அந்த ரூபத்தைக் காரியம் செய்ய வைக்கிறது. ஆகவே ‘அந்தக் காரியம் யாருடையது?’ என்பது முதலில் எழவேண்டும். இதை என் மனத்தில் ஊன்ற வைத்தது நோ டவுட் என்னும் பாடகர் குழுவின் வழக்கு.

‘பேண்ட் ஹீரோ’ என்ற விளையாட்டுக்காக 2009-ல் அந்தக் குழுவினர் ஆக்டிவிஷன் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். திருட்டு இல்லை, மறைவு இல்லை. அவர்களே நேரில் வந்து, தங்கள் முகத்தையும் உடம்பையும் அங்க அசைவுகளையும் கருவிகளின் முன் காட்டிப் பதிவு செய்துகொள்ள இசைந்தார்கள். தங்களுடைய உருவங்கள் திரையிலே தங்களுடைய பாட்டுகள் சிலவற்றைப் பாடும் என்பது அவர்கள் கொண்ட எண்ணம். விளையாட்டு கடைக்கு வருவதற்குச் சில நாட்களே இருக்கும்போதுதான், ஆடுகிறவன் ஒரு நிலையை எட்டிவிட்டால் ஒரு பூட்டுத் திறந்து, அதன்பின் அந்த உருவங்களை அறுபதுக்கும் மேற்பட்ட எந்தப் பாட்டையும் பாட வைக்கலாம் என்பது தெரியவந்தது. குழுவின் பாடகி க்வென் ஸ்டெஃபானியின் உருவம், வேறொரு குழுவினர் விலைமாதரைப் பற்றிப் பாடிய பாட்டை, ஓர் ஆண்மகனுடைய குரலில் பாடிற்று. அவருடைய முகம், அவருடைய இடுப்பசைவு, அவர் மேடையில் கையை உயர்த்தும் விதம். ஆனால் தொண்டையும் சொல்லும் எண்ணமும் பிறருடையவை. ஆக்டிவிஷன் கருத்துச் சுதந்திரம் பேசிப் பார்த்தது. கலைஞன் ஒருவன் மூல உருவத்தைத் தன் கற்பனையால் வேறொன்றாக மாற்றியிருந்தால் அவனைச் சட்டம் காக்கும். நீங்கள் மாற்றியது ஒன்றுமில்லை, பாடகர்களையே எடுத்துப் பாடகர்களாகவே வைத்திருக்கிறீர்கள் என்று கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு மன்றம் 2011-ல் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

சட்டப்படி இது ஒப்பந்தத்தின் வரம்பையும் கற்பனையின் அளவையும் பற்றிய தீர்ப்பு. எனினும் அந்தக் குழுவினர் பட்ட மனத்தாங்கல் அதுவன்று. தாங்கள் செய்யாத காரியம் தங்கள் தேகத்தால் செய்யப்பட்டதே என்பதுதான் அவர்கள் முறையீடு. கர்மம் என்பதை எந்தக் கோணத்திலிருந்து விளக்கிய நம் சாஸ்திரமானாலும், செயலுக்கு ஒரு கர்த்தா உண்டு, செயலின் நிறம் அவனையே சேரும் என்ற இடத்தில்தான் காலூன்றி நிற்கிறது. கர்த்தாவை அவனுடைய தோற்றத்திலிருந்து பிரித்துவிட்டு, தோற்றத்தை மட்டும் வேறொருவன் வினைக்குக் கருவியாக்குவது, சொத்தைத் திருடுவதைவிட நுட்பமான குற்றம். பொருளை இழந்தவன் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். செய்யாத வினையைச் சுமந்தவன் அதை யாரிடம் இறக்கி வைப்பான்?

இதிகாசம் இந்த நுட்பத்தை அறிந்தே இருந்தது. துரியோதனன் பீமனைப் போல ஓர் இரும்புப் பிரதிமை செய்துவைத்து, அதன்மேல் 13 ஆண்டு கதாயுதம் பழகினான் என்கிறது பாரதம். அதே இரும்புப் பீமனைத்தான், யுத்தம் முடிந்தபின் திருதராஷ்டிரன் ஆலிங்கனம் செய்துகொள்ளக் கைநீட்டியபோது கிருஷ்ணன் முன்னே தள்ளிவிட, கிழவனுடைய கோபம் முழுவதும் அதை நொறுக்கித் தீர்ந்தது. எதிரியின் உருவத்தைச் செய்து அடித்துப் பழகுவது இன்றைய துப்பாக்கி விளையாட்டுகளுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆயினும் பீமனுக்கு அதனால் மானக்குறைவு வந்ததாக வியாசர் ஓரிடத்திலும் சொல்லவில்லை, பார்க்கப்போனால் அந்த உருவமே அவன் உயிரைக் காத்தது. இதற்கு நேர்மாறானது கம்பன் யுத்தகாண்டத்தில் காட்டும் மாயா சனகன். மருத்தன் என்ற அரக்கன் சனகனைப் போல உருக்கொண்டு சீதையின் முன் வந்து, இராவணனுக்கு இணங்கும்படி மகளிடம் தந்தையின் வாயாலேயே மன்றாடுகிறான். அங்கே ஒரு காயமும் இல்லை, ஒரு துளி இரத்தமும் இல்லை. மிதிலையில் எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிற உத்தமர் ஒருவருக்கு, அவர் கனவிலும் பேசாத வார்த்தைகள் உரிமையாக்கப்படுகின்றன. அடிபடும் உருவம் வேறு, செய்யும் உருவம் வேறு. நீதிமன்றங்கள் இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கின்றன.

பனாமாவின் பழைய சர்வாதிகாரி மானுவெல் நோரியேகா விஷயத்தில் இந்தத் தராசு தடுமாறாமல் நின்றது என்பதையும் சொல்லவேண்டும். ‘கால் ஆஃப் டூட்டி’ வரிசையில் ஒரு விளையாட்டு தம்மைக் கொலைகாரனாகவும் ஆள்கடத்துபவனாகவும் காட்டிவிட்டது என்று 2014-ல் அவர் சிறையிலிருந்தபடியே வழக்குப் போட்டார். சில மாதங்களுக்குள் அது தள்ளுபடியாயிற்று. நீதிபதி கருத்துச் சுதந்திரத்தைக் காரணமாகக் காட்டினார். நான் வினையின் வழியாகவும் அதே முடிவுக்குத்தான் வருவேன்: சரித்திரம் அவர் கணக்கில் எழுதிவைத்திருந்தவற்றுக்கு மாறான குணம் எதையும் அந்த விளையாட்டு அவர்மேல் ஏற்றிவிடவில்லை.

கற்பனைப் பாத்திரங்களிடம் வரும்போது இந்த விசாரம் சிறிது வேடிக்கையான வழியில் திரும்புகிறது. அவற்றுக்கு மானம் இல்லை, உயிர் இல்லை. சொந்தக்காரர் மட்டும் உண்டு. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற விளையாட்டில் ஆடுகிறவர்கள் தங்கள் வீரனைத் தாங்களே உருவாக்கிக்கொள்ளலாம். பலர் ஹல்க்கையும் வுல்வரினையும் போலச் செய்துகொண்டார்கள் என்று 2004-ல் மார்வெல் கம்பெனி வழக்குத் தொடுத்தது. சாட்சியமாக அது காட்டிய உருவங்களில் சிலவற்றை மார்வெலின் ஆட்களே உட்கார்ந்து செய்திருந்தார்கள் என்பது வெளிப்பட்டு, நீதிபதி அவற்றை ஒதுக்கிவிட்டார். பின்னர் இருதரப்பும் சமாதானமாயின. சிரிப்பதற்குரிய இந்த விவரத்துக்குள் கர்த்தா யார் என்ற கேள்வி முழுமையாக இருக்கிறது. கருவியைச் செய்து கொடுத்தவனா, அதைக் கொண்டு உருவத்தைச் சமைத்தவனா? குயவன் மேல் வழக்கா, குடத்தில் கள் ஊற்றியவன் மேல் வழக்கா?

இதைவிட மனத்தை உறுத்துவது வேறொன்று. 1962-ல் இருவர் காகிதத்தில் கற்பித்த பச்சைநிற ஹல்க்கை அமெரிக்கச் சட்டம் 95 ஆண்டு காக்கிறது. நம் நாட்டிலும் எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரையில் அவர் படைப்புக்குக் காவல் உண்டு. ஆனால் ரத்தமும் சதையுமாக இருந்து மறைந்த மனிதருக்கு? மறைந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது, அவருடைய அண்ணன் மகள் தடைகோரிய வழக்கில், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய கீர்த்தியும் அந்தரங்கமும் அவரோடு முடிகின்றன, வீடு நிலம் போல வாரிசுக்கு இறங்குவதில்லை என்று 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவிலோ புகழ்பெற்றவர் இறந்து 70 ஆண்டு வரையில் அவர் உருவத்துக்கு வாரிசுகள் உடைமைக்காரர். சென்னைத் தீர்ப்பில் நம் சித்தாந்தத்தின் வாசனை இருக்கிறது: ஆன்மா விட்டுப்போன தேகத்துக்கே உரிமையில்லை என்றால் அதன் நிழலுக்கு ஏது? இருந்தும், பிறவாத ஹல்க்குக்குக் கிடைக்கிற காவல் பிறந்து இறந்தவருக்குக் கிடையாது என்பதை என்னால் இலேசில் ஜீரணிக்க முடியவில்லை. வாரிசுக்குப் பணம் சேரவேண்டும் என்பதல்ல என் கவலை. மறைந்தவர் வாயில் நாளை ஒரு விளையாட்டு எந்தச் சொல்லை வைத்தாலும், அது என் சொல் அல்ல என்று மறுக்க அவர் எழுந்து வரமாட்டாரே.

பின், தெய்வங்கள். 2009-ல் பிளேஸ்டேஷன் கருவிக்காக இந்தியாவிலேயே தயாரான ‘ஹனுமான்’ விளையாட்டை எதிர்த்து, அமெரிக்காவில் வாழும் ராஜன் ஸெட் என்ற ஹிந்து சமயப் பிரமுகர் குரல் எழுப்பினார். ஆஞ்சநேயரை யாரோ ஒருவன் பொத்தானை அழுத்தி ஆட்டிவைப்பது அவரை இழிவுபடுத்துவதாகும் என்பது ஆட்சேபத்தின் சாரம். இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படித் தள்ளமாட்டேன், ஏனென்றால் எத்தனையோ சட்ட வல்லுநர்கள் தொடாத மர்மஸ்தானத்தை அது தொட்டுவிட்டது. படமாகக் காட்டியதில் தவறில்லை, ஆட்டிவைத்ததில்தான் தவறு என்கிறது அது. மனிதரின் உருவம் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் மங்கலமன்று, தெய்வத்தின் உருவம் குறையுடையதானாலும் நன்மையே தரும் என்று சுக்கிரநீதி வகுத்திருக்கிறது. அந்த விதிப்படி பார்த்தால் கால்பந்தாட்டக்காரனைச் செய்யாதிருக்க வேண்டும், அனுமனைச் செய்யலாம்.

ஆயினும், ஆட்டிவைப்பதே அபசாரம் என்ற அந்த வாதத்தை நம் பக்தி மார்க்கம் முழுவதுமாக ஒப்புக்கொள்ளுமா என்பது சந்தேகம். உலகைக் கட்டியவனை உரலோடு கட்டினாள் யசோதை. திருவாரூர் வீதியிலே நள்ளிரவில், தோழன் சுந்தரனுக்காகப் பரவையாரின் ஊடலைத் தீர்க்க, ஒரு தடவைக்கு இரு தடவையாகத் தூது நடந்தான் தியாகேசன். அர்ச்சாவதாரம் என்று வைஷ்ணவர்கள் போற்றும் நிலையின் பெருமையே, பகவான் தன் சுதந்திரத்தை அடியவன் கையில் ஒப்புவித்து, அவன் நீராட்டினால் நீராடியும், உறங்கச் சொன்னால் உறங்கியும் இருப்பதுதான். கோயிலில் எழுந்தருளிய மூர்த்திக்கு நம் சட்டம் சொத்துரிமையும் வழக்காடும் தகுதியும் கொடுத்திருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து எடுத்துக் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜருக்காக லண்டன் வரையில் வழக்கு நடந்து, 1991-ல் அங்குள்ள மேல்முறையீட்டு மன்றம், இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலையே ஒரு வாதியாக ஏற்று, அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. செப்புத் திருமேனியை உடைமை என்று கோர முடிந்த இறைவன், தன் திருவுருவைக் காலண்டரிலும் தீப்பெட்டியிலும் ஊதுவத்திக் கூட்டிலும் அச்சிடும் எவர்மேலும் வாடகை கேட்டு வழக்குப் போட்டதில்லை. உருவத்தை அவன் பொதுவில் விட்டிருக்கிறான்.

அப்படியானால் அனுமன் விளையாட்டில் என் மனம் எதைப் பார்த்துத் தயங்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். உரலில் கட்டுண்ட கண்ணன் கட்டுண்ட நிலையிலும் கண்ணனாகவே இருந்தான். தூது நடந்தவனும் தன் கருணைக்கு இயல்பான காரியத்தையே செய்தான். கட்டியவளும் ஏவியவனும் அவனுடைய குணத்தை வெளிக்கொணர்ந்தார்கள். கடலைத் தாண்டும் அனுமனை ஒரு சிறுவன் பொத்தானால் தாண்டச் செய்வானாகில், அது அனுமனுடைய வினையே. பாராயணத்துக்கும் அதற்கும் எனக்குப் பெரிய பேதம் தெரியவில்லை. அதே அனுமனைக் கொண்டு, நேரம் போகவில்லை என்பதற்காக வழிப்போக்கரை அடித்து விளையாட ஒரு கம்பெனி வசதி செய்து கொடுத்தால், மருத்தன் சனகனுக்குச் செய்ததை அது அனுமனுக்குச் செய்கிறது. தெய்வத்துக்குக் கூறும் இந்த நியாயம், பாடகிக்கும் பந்தாட்டக்காரனுக்கும் மறைந்த முதல்வருக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் துணிபு.

சட்டம் எழுதுகிறவர்கள் இங்கே வந்துசேர இன்னும் நெடுநாள் ஆகலாம். ஆனால் உருவத்தை விற்றுப் பிழைப்பவர்கள் வந்துவிட்டார்கள். விளையாட்டுகளுக்குக் குரலும் அசைவும் கொடுக்கும் அமெரிக்க நடிகர்கள், தங்கள் சாயலைச் செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் எடுத்தாள்வதை எதிர்த்து 2024 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கி, 2025-ல் புதிய ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றார்கள். ஒருவருடைய பிரதியைக் கொண்டு புதிதாக எதைச் செய்வதற்கும், இன்னதற்கு என்று அறிவித்து அவர் சம்மதத்தைப் பெறவேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. இன்னொரு ஷரத்தின்படி, சங்கம் வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாட்களில், நடிகர் கொடுத்த சம்மதத்தைத் தாமே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். அப்போது அவருடைய பிரதியைக் கொண்டும் யாரும் புதிய வேலை வாங்க முடியாது.